எஞ்சினை மாத்தினா தெய்வக் குத்தமா?

மிச்சிகன்ல குப்பை கொட்டுறவங்களுக்கு ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமைன்னா திருவிழா. டெட்ராய்ட்டை ஒட்டின உட்வர்ட் அவென்யூவுல 1995-லேர்ந்து நடக்கிற ட்ரீம் க்ரூஸ். சுத்துப்பட்டு ஊர்ல இருக்கிற பழைய கார் அத்தனையும் தேர் மாதிரி ஊர்ந்து வரும். ஆபீஸ் நண்பரோட 1971 செவ்ரலே நோவாவுல நானும் போயிருந்தேன். ஓரமா நிறுத்தி, பானட்டைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருந்தோம். வெள்ளைத் தாடி வச்ச பெரியவர் ஒருத்தர் ஆசை ஆசையா கிட்ட வந்தார். உள்ள எட்டிப் பாத்ததும் முகம் மாறிடுச்சு. "நல்ல காரைக் கெடுத்துட்டீங்களே"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டார்.

அவர் உள்ள பாத்தது 2002 மாடல் சில்வராடோ ட்ரக்லேர்ந்து கழட்டின 5.3 லிட்டர் வி8. எல்எஸ் குடும்பத்து எஞ்சின்.

நண்பர் சிரிச்சிட்டு விட்டுட்டார். எனக்குத்தான் ஆறலை. ரெண்டு வருஷம் சனிக்கிழமை தவறாம டார்ச் லைட் பிடிச்ச கை இது. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்.

முதல்ல அந்த "நல்ல கார்" எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடறேன். ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில, இறுகிப்போன ஆறு சிலிண்டர் எஞ்சினோட, எலி குடும்பம் நடத்திட்டு இருந்துச்சு. 250 க்யூபிக் இன்ச், புதுசுல பேப்பர்ல 145 குதிரைசக்தி. கூட ரெண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். பால் வாங்கவும் பிள்ளைகளை ஸ்கூல்ல விடவும் செஞ்ச வண்டி. இதுல எந்தக் காவியத்தைக் கெடுத்துட்டோம்?

'ஒரிஜினல்'னு மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்றவங்க, மஸில் கார் எப்படிப் பொறந்துச்சுன்னு ஒரு தடவை திரும்பிப் பாக்கணும். 1964 பான்டியாக் ஜிடிஓவிலேர்ந்துதான் பலரும் இந்தக் கதையை ஆரம்பிப்பாங்க. அது என்ன? நடுத்தர சைஸ் டெம்பெஸ்ட் காருக்குள்ள, பெரிய பான்டியாக்குக்குச் செஞ்ச 389 க்யூபிக் இன்ச் எஞ்சினைத் தூக்கி வச்சது. அந்த சைஸ் காருக்கு 330-க்கு மேல எஞ்சின் கூடாதுன்னு ஜிஎம் கம்பெனியிலேயே சட்டம் இருந்துச்சு. ஜான் டிலோரியன் டீம் என்ன பண்ணுச்சு? புது மாடல்னு சொன்னாத்தானே மேலிடத்துல கேக்கணும், ஆப்ஷன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சதுன்னு கொல்லைப்புற வழியா கொண்டுவந்துட்டாங்க. முதல் வருஷமே 32,000-க்கு மேல வித்துச்சு.

அதாவது மஸில் கார்ங்கிற சாதியே எஞ்சின் மாத்தினதால வந்தது. அதுவும் விதியை மீறி!

இன்னும் வேணுமா? பென்சில்வேனியாவுல டான் யென்கோன்னு ஒரு செவ்ரலே டீலர். 1967-ல கம்பெனிலேர்ந்து வந்த புத்தம்புது கமேரோவுல இருந்த எஞ்சினைக் கழட்டிட்டு கார்வெட்டோட 427 எஞ்சினை மாட்டி வித்தார். அதையே இன்னிக்கு ஏலத்துல லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி, கண்ணாடி போட்டுத் துடைச்சு வைக்கிறாங்க. யென்கோ மாத்தினா வரலாறு, நாங்க மாத்தினா பாவமா? மாமியார் உடைச்சா மண்சட்டி கதையால்ல இருக்கு!

அடுத்த குற்றச்சாட்டு, "அந்தக் கால எஞ்சினோட பலம் வருமா?" இங்கதான் பல பேர் நம்பர்ல ஏமாறுறாங்க. 1971 வரைக்கும் பொதுவா விளம்பரத்துல வந்தது கிராஸ் கணக்கு. ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாம எஞ்சினைத் தனியா ஸ்டாண்டுல ஓட்டி எடுத்த நம்பர். 1972-லேர்ந்து நெட் கணக்கு, கார்ல இருக்கிற மாதிரியே எல்லாத்தையும் மாட்டி அளந்தது. 1971 கார்வெட்டோட எல்டி-1 எஞ்சினுக்கு ஜிஎம் ரெண்டு கணக்கும் கொடுத்துச்சு: கிராஸ் 330, நெட் 275. அதே இரும்பு, 55 குதிரை பேப்பர்லேயே ஓடிப்போச்சு. எங்க ட்ரக் எஞ்சின் தர்ற 285 நெட் கணக்கு. விளம்பரத்துல அல்ல, சோறாக்குற ட்ரக்குல.

அதோட கியர்பாக்ஸையும் சேர்த்துப் பாருங்க. பவர்கிளைடுல மேல் கியர் 1-க்கு 1. நாங்க மாட்டின 4எல்60ஈ-யில நாலாவது கியர் 0.70. அதே பின் ஆக்ஸில்ல ஹைவேயில 3,000 சுத்து சுத்தின எஞ்சின் இப்போ 2,100-ல போகும். உள்ள உக்காந்து மனுஷன் பேசினா கேக்கும். ஏப்ரல் மாசக் குளிர்ல பெடலைக் குத்திக் குத்தி, சோக்கைக் கொஞ்சி, கார்புரேட்டரைக் கும்பிட வேண்டாம். சாவியைத் திருப்பினா ஸ்டார்ட். வருஷத்துல பத்து நாள் வெளிய வந்த கார் இப்போ வாரத்துல மூணு நாள் ஆபீஸ் வருது. ஓடுற காருக்கு மரியாதையா, போர்வை போத்தின காருக்கு மரியாதையா? நீங்களே சொல்லுங்க.

சரி, எதிர்க்கட்சி சொல்றதுலயும் ரெண்டு நியாயம் இருக்கு. ஒண்ணு, எல்லாக் கல்யாணத்துலயும் ஒரே சாம்பார் மாதிரி எந்த பானட்டைத் திறந்தாலும் எல்எஸ். ஒத்துக்கறேன், அலுப்புதான். ஆனா 1955-ல செவ்ரலே ஸ்மால் பிளாக் வந்தப்புறம் ஹாட் ராட்காரங்க அதைத்தான் ஃபோர்டுன்னும் பாக்காம கிடைச்ச வண்டியிலெல்லாம் திணிச்சாங்க. இன்னிக்கு அந்த ஸ்மால் பிளாக்தான் 'பாரம்பரியம்'. ரெண்டாவது, நிஜமாவே அபூர்வமான கார்ல கை வைக்கக் கூடாது. 1969-ல கமேரோ 2,43,000 செஞ்சாங்க. அதுல அலுமினிய 427 உள்ள இசட்எல்1 வெறும் 69. அந்த 69-ல ஒண்ணுல எவனாவது எஞ்சினைக் கழட்டினா, பெரியவருக்கு முன்னாடி நான் போய் மறியல் பண்றேன். மத்த லட்சக்கணக்கான கார்களையும் அந்தக் கணக்குல சேர்த்து அழுவறதுதான் எனக்குப் புரியலை.

இப்போ எங்க கோஷ்டிக்கு வரேன். நிஜமான கோவம் இங்கதான்.

எஞ்சின் உக்காந்த முதல் மாசம். புது எஞ்சின் சந்தோஷத்துல நண்பரும் நானும் வெளிய கிளம்பினோம். கார்ல நாலு சக்கரத்துக்கும் 1971-ல வந்த அதே டிரம் பிரேக். ஒரு நீண்ட இறக்கத்துல ரெண்டு தடவை வேகத்தைக் குறைச்சோம். மூணாவது தடவை சிக்னல்ல மிதிச்சா, பெடல் கீழ போகுது, கார் நிக்கலை. கருகின வாசனை. முன்னாடி மஞ்சள் நிற ஸ்கூல் பஸ். நண்பர் ஓரத்துப் புல்வெளியில ஏத்தினதால தப்பிச்சோம். அந்த பஸ்ஸோட பின் ஜன்னல்லேர்ந்து ஒரு பையன் எங்களுக்கு டாட்டா காட்டினான். அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேருக்கும் தூக்கம் வரலை.

கணக்கு ரொம்ப சிம்பிள். வேகம் 60 மைல்லேர்ந்து 85 ஆனா, நிறுத்த வேண்டிய சக்தி ரெண்டு மடங்கு. அத்தனையும் சூடாகும். டிரம் சூட்டுல விரிஞ்சு ஷூவை விட்டு விலகும். எஞ்சினுக்குக் காசு சேர்த்தவன் முன் சக்கர டிஸ்க் பிரேக்குக்குச் சேர்க்கலைன்னா, அவன் கட்டினது கார் இல்லை, எமனோட எருமை.

பெட்ரோல் லைனும் அப்படித்தான். கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இந்த எஞ்சினுக்கு 58 வேணும். அம்பது வருஷ ரப்பர் ட்யூபை கிளாம்ப் போட்டு முறுக்கி, "இப்போதைக்கு ஓடட்டும்"னு விடறவங்களை என் கண்ணாலயே பாத்திருக்கேன். அந்த ட்யூப் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல வெடிச்சா? டேங்க்குக்குள்ள பம்ப், அழுத்தம் தாங்குற லைன், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் எஞ்சின் மாத்துற வேலை. பின் ஆக்ஸில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட கோணம், ரேடியேட்டர், அதோட ஃபேனுக்குக் கரன்ட் கொடுக்கிற ஆல்டர்னேட்டர், இதுக்கெல்லாம் யாரும் கை தட்ட மாட்டாங்க. டைனோ நம்பருக்குத்தான் கைதட்டல். அதனாலதான் பாதி பேர் பாதியில நிறுத்திடறாங்க.

ஆக, மாத்தறது குத்தமில்லை. பாதி மாத்தறதுதான் குத்தம்.

அந்த சம்பவத்துக்கப்புறம் நோவா நாலு மாசம் வெளிய வரலை. டிஸ்க் பிரேக், மாஸ்டர் சிலிண்டர், ஸ்டீல் லைன்னு எல்லாம் முடிச்சப்புறம்தான் சாவியைத் தொட்டோம். பழைய ஆறு சிலிண்டரைத் தூக்கிப் போடலை. எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் சுத்தி, கராஜ் மூலையில இருக்கு. நாளைக்கு யாராவது அதை மறுபடி மாட்டணும்னா தாராளமா மாட்டிக்கலாம்.

தாடிக்காரப் பெரியவரே, அடுத்த ஆகஸ்ட்லயும் நாங்க அதே உட்வர்ட்லதான் இருப்போம். இந்தத் தடவை பானட்டைத் திறந்து காட்டப் போறதில்லை, சாவியைக் கொடுக்கப் போறோம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி பிரேக்கை ஒரு தடவை மிதிச்சுப் பாத்துட்டு, அப்புறம் திட்டுங்க.

டிஸ்கி: எல்எஸ் எதிர்ப்பாளர்கள் பின்னூட்டத்துல வரிசையா வரலாம். டிரம் பிரேக்கோட எல்எஸ் ஓட்டுறவங்க மட்டும் முதல்ல கராஜுக்குப் போயிட்டு வாங்க :-)