“அப்டேட்ல வரும்” என்று சொல்லி விற்கலாமா?

கிட்டார் மொடலர் பற்றி நம்ம பசங்க பேச ஆரம்பிச்சா, கொஞ்ச நேரத்தில் இந்த வசனம் வந்துவிடும்: “அது இப்ப இல்ல மச்சான், அப்டேட்ல வரும்.” மொடலர்களை அவசரப்பட்டுச் சந்தைக்கு விடுகிறார்களா என்ற கேள்விக்கு என் பதில் இந்த வசனத்தில்தான் இருக்கு. சீக்கிரம் விடுவது தப்பில்லை. இன்னும் செய்து முடிக்காத வசதியைக் காட்டி இன்றைக்கே முழுக்காசு வாங்குவதுதான் தப்பு.

தெரியாதவங்களுக்குச் சொல்கிறேன். ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி, முன்னால் வைக்கிற மைக், காலடியில் கிடக்கிற பெடல்கள், இத்தனையின் சத்தத்தையும் கணக்குப் போட்டு உருவாக்கித் தருகிற சின்னக் கணினிதான் மொடலர். மலையகத்தில் இதற்குத் தனி அருமை உண்டு. ரோலண்ட் ஜேசி-120 என்ற ஆம்ப் சுமார் 28 கிலோ. வட்டவளை மழையில், ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்க, புரியும். மொடலர் என்றால் தோள் பையில் போட்டுக்கொண்டு போய், திருவிழா மேடையில் மிக்ஸரில் நேராகச் சொருகிவிடலாம்.

அந்த ஜேசி-120 வந்தது 1975இல். இன்னமும் விற்கிறார்கள். அதற்கு அப்டேட் என்று ஒன்று கிடையாது. கடையில் என்ன சத்தம் கேட்டதோ, அதற்குத்தான் காசு. 1998இல் லைன் 6 விட்ட சிவப்பு நிற பாட் பெட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான். விற்கிற அன்றைக்கே வேலை முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கம்பனிக்கு இருந்தது.

இன்டர்நெட் வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. கெம்பர் ப்ரொஃபைலர் 2011இல் அறிமுகமானது. அதைக் கணினித் திரையில் வைத்துத் திருத்துவதற்கான எடிட்டர் 2019இல்தான் வந்தது. நியூரல் டிஎஸ்பி தனது குவாட் கோர்டெக்ஸை 2020 ஜனவரியில் அறிவித்தபோது, தன்னுடைய ப்ளகின்கள் இதற்குள்ளும் ஓடும் என்று சொன்னது. பெட்டி ஆட்களின் கைக்குக் கிடைத்தது 2021இல். கணினி எடிட்டர் வந்தது 2023இல். முதல் ப்ளகின் உள்ளே ஓடியது 2024இல். அறிவித்த நாளிலிருந்து நாலு வருஷம். எங்க பீடத்தில் ஒருத்தர் சிறப்புப் பட்டமே முடித்துவிடுவார்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். குவாட் கோர்டெக்ஸின் ஆம்ப் சத்தம் முதல் நாளே நன்றாகத்தான் இருந்தது. அப்டேட்களுக்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை. ஃப்ராக்டல் ஒடியோ மாதிரிக் கம்பனிகள் வாங்கிய பெட்டியையே வருஷா வருஷம் இலவசமாக மெருகேற்றிக் கொடுக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் பாவித்துப் பிழை சொன்னால்தான் சில கோளாறுகள் பிடிபடும் என்பதும் உண்மை. எல்லாம் முடிந்த பிறகுதான் விற்கணும் என்றால், சின்னக் கம்பனிகள் அதற்கு முன்னாலேயே மூடப்பட்டுவிடும்.

ஆனால் காத்திருக்கிற செலவு எல்லாருக்கும் ஒன்றில்லை. இந்த மாதிரிப் பெரிய மொடலர் ஒன்றை 1,500 டொலர் என்று வைப்போம். டொலருக்கு 300 ரூபா போட்டால் நாலரை இலட்சம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போட்டால் 333 நாள் கொழுந்து. வெளிநாட்டில் இருக்கிற மாமாவிடம் சொல்லி எடுப்பிக்கிற சாமானுக்கு வாரன்டியை எங்கே தேடுவது? திருப்பிக் கொடுக்கக் கடை எங்கே இருக்கு? பிடிக்கவில்லை என்றால் அங்கே இருக்கிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். நாம் அதோடுதான் குடும்பம் நடத்தணும்.

“அப்படின்னா பொறுத்து வாங்கு” என்பீர்கள். அதுவும் லேசில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பொறுத்தவர்களுக்கு விலை ஏறியதுதான் மிச்சம். இப்ப விட்டா பிறகு கிடைக்காது என்ற பயத்தில் இருக்கிறவர்களிடம் “வரும்” என்ற சொல் சுலபமாக விலை போகும். வரும் வரும் என்று சொல்லிச் சொல்லியே 2021இல்தான் 1,000 ரூபா சம்பளம் வர்த்தமானியில் வந்த தோட்டங்கள் இவை. தேதி இல்லாத வாக்குறுதி எப்படி இழுபடும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நேர்மையாகச் சீக்கிரம் விடவும் முடியும். ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மொடலர் இலவசம், அதன் நிரல் எல்லாரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. ஒரு லெப்டொப்பும் ஒடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் போதும். அதில் குறை இருந்தால் யாருக்கும் சம்பளம் நட்டமில்லை. காசு வாங்குகிறவருக்கு மட்டும் இன்னொரு கடமை சேர்கிறது: இன்று வேலை செய்வது எது, பிறகு வரப்போவது எது என்று பெட்டியிலேயே பிரித்து எழுதணும். வரப்போவதற்குத் தேதி போடணும். தேதி தப்பினால் காசைத் திருப்பிக் கொடுக்கணும்.

அது நடக்கும் வரைக்கும் வாங்குகிறவர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இந்தப் பெட்டிக்கு இனி ஒரு அப்டேட்டும் வராது என்றால், இதே விலைக்கு வாங்குவேனா? இல்லை என்றால், இரண்டு மூன்று வருஷம் பழைய மொடலைக் கைமாற்றாகத் தேடுவது மேல். அதில் வரவேண்டியவை பெரும்பாலும் வந்து முடிந்திருக்கும்.

விமர்சனம் எழுதுகிற நமக்கும் இதில் வேலை இருக்கு. அடுத்த முறை ஒரு கருவிக்குப் புள்ளி போடும்போது, கையில் இருப்பதற்கு மட்டும் போடுவோம். வரப்போவதற்கு, வந்த பிறகு போடலாம்.