ஒழுகும் புல்லட்டும் இறுக்கும் கையும்

'புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும்' என்பதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறோம்! ஒழுகவில்லையென்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று பொருள், என்று அதற்கொரு நகைச்சுவை வாலும் உண்டு. இந்த விதிவாதத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. சொட்டைக் கண்டதும் ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் ஒரு சுற்று இறுக்கிவிடும் வீரத்திலும் உடன்பாடில்லை. முன்னது வெறும் சோம்பல். பின்னது வண்டியையே கொன்றுவிடும்.

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து பின்னாளில் வெளிவந்த எண்ணற்ற 350களில் ஒன்று, நண்பர்கள் இருவரின் பொது உடைமையாகப் பட்டினச்சேரியில், கடலுக்கு மிக அருகில் நிற்கிறது. இரும்பு சிலிண்டர், அலுமினிய கிராங்க்கேஸ், எஃகு போல்ட்டுகள். அலுமினியத்தில் வெட்டிய மரை எஃகின் வலுவுக்கு ஈடு கொடுக்காது என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் பாவத்தை முதலில் ஒப்புக்கொள்கிறோம். அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டருகே ஈரம் கண்டு, 'இன்னும் கால் சுற்று' என்று நாங்களே இறுக்கினோம். திடீரென்று கை லேசாயிற்று. மரை போய்விட்டது. (மனிதர்களைப் பற்றியும் மரை கழன்றதாகச் சொல்கிறோமே, அன்று அது எங்களுக்கும் பொருந்தியது.) துளையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகுச் சுருள் மரை பதித்துப் பிழைத்தோம். கிராங்க்கேஸ் வெடித்திருந்தால் கதையே வேறு. எஞ்சின் எண் பொறித்திருப்பது அதன் மேல்தான். மாற்றினால் பதிவுச் சான்றிதழ்வரை அலைய வேண்டும். உண்மையில் அங்கே வேண்டியிருந்தது ஒரு செப்பு வாஷர். பழையதையே கூடச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மறுபடி மென்மையாகிப் பொருந்தும்.

படகு எஞ்சின் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஆயில் சொட்டுற எடத்தப் பாத்தீங்க. அது கெளம்புற எடத்தப் பாத்தீங்களா?" எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி, உலர்த்தி, முகப்பவுடரைத் தூவி, சற்று நேரம் ஓடவிடச் சொன்னார். பவுடர் நனைந்த இடம் அடிப்போல்ட்டே இல்லை. மேலே, செயின் பெட்டியின் விளிம்பு!

இந்தச் செயின் பெட்டியை நினைத்தால் எங்களுக்கு இன்றும் வியப்புதான். அதன் வெளிமூடியைப் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே நட்டு. விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் நடுப்பகுதி உள்வாங்கி, விளிம்பு வளைந்து, ரப்பரைவிட்டு எழும்பும். இறுக்க இறுக்க ஒழுக்கு கூடும்! நாங்கள் புது ரப்பர் போட்டோம். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்து, மூடியின் விளிம்பை மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தினோம். பிறகு நட்டை அளவோடு பூட்டினோம்.

அளவோடு என்பது கைக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். உப்புக்காற்றில் தெரியாது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ 10 சதவீதமே பிடிப்பாக மாறுகிறது. மீதி உராய்வில் கரைகிறது. துருவேறிய மரையில் உராய்வு இன்னும் அதிகம். கைக்கு இறுகிவிட்டதாகத் தோன்றும், பாகங்களோ தளர்வாகவே இருக்கும். எண்ணெய் தடவிய மரையில் இதற்கு நேர்மாறு: அதே விசைக்குப் பிடிப்பு எகிறும். ஆகவே டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவரும் முதலில் மரையைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். பல போல்ட்டுகள் உள்ள இடங்களில், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது பழைய மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்ததே.

இத்தனைக்குப் பிறகும் ராக்கர் மூடியருகே கசிவு நிற்கவில்லை. காரணம் பிரீதர். பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் 346 சிசி காற்று அடியில் நெருக்கப்படுகிறது. அது வெளியேற வாத்தலகு போன்ற ரப்பர் வால்வு உண்டு. எங்களுடையது முதுமையில் விறைத்து ஒட்டிக்கிடந்தது. வெளியேற வழியில்லாத அழுத்தம் எந்த இடுக்கு கிடைத்தாலும் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். அதற்கு மூடியை நெரித்து என்ன பயன்? சிறு ரப்பர்த் துண்டை மாற்றினோம். ராக்கர் மூடி உலர்ந்தது. அதன் போல்ட்டுகளை நாங்கள் தொடவேயில்லை.

இப்போது கியர் பெட்டியின் அடியில் மட்டும் வாரத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. நேற்று மாலை கழுவித் துடைத்து, பவுடர் தூவி வைத்திருக்கிறோம்.