பூண்டும் நம் வீட்டுக் கொல்லையும்

இரசத்திற்கும் குழம்பிற்கும் நாள்தோறும் பூண்டு உரிக்கும் நம் இல்லங்களில், அதனைக் கொல்லையிலேயே விளைவித்தால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ நாம் வாங்கும் பூண்டு பெரும்பாலும் சீனத்திலிருந்து கப்பலேறி வருவதாகும்.

இவ்வெண்ணத்துடன்தான் நம் மாணாக்கரும் பாத்தி கட்டிப் பூண்டுப் பற்களை நட்டனர். நான்கு மாதம் நீர் ஊற்றினர். பிடுங்கியபோது தாளும் வேருமே கிடைத்தன. பல் பிரிந்த பூண்டு ஒன்றுகூட இல்லை. "நாங்கள் தண்ணீர் சரியாக ஊற்றவில்லையா, டீச்சர்?" என்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அக்கேள்வியே எங்களை எழுதத் தூண்டியது.

குழந்தைகள்மீது குற்றமில்லை. பூண்டு குளிரை நாடும் பயிர். சில வாரக் குளிரும், அதன்பின் நீளும் பகலும் வாய்த்தால்தான் அது மண்ணுக்குள் நன்கு திரளும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே. பற்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்து நடுவோரும் உளர். குளிரைக் கொடுக்கலாம்; பகலை யார் நீட்டுவது? தமிழகத்தின் கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அங்கே மலையுயரத்தின் குளிரும், அம்மலைக்குப் பழகிய இரகமும் துணை நிற்கின்றன.

அப்படியாயின் நடவே வேண்டாமா? நட வேண்டும், ஆனால் தழைக்காக நட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. முளைவிட்ட பல்லின் வேர்ப்பகுதி கீழிருக்குமாறு ஓரங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். கிள்ளான் கரையோரக் களிமண்ணில் மழைநீர் தேங்கிப் பல் அழுகிவிடும்; ஆகவே மணலும் மக்கிய குப்பையும் கலந்து பாத்தியை உயர்த்த வேண்டும். அடியில் துளையிட்ட பழைய வாளியும் உதவும். மூன்று, நான்கு வாரங்களில் தழையை நறுக்கி முட்டைப் பொரியலிலும் இரசத்திலும் சேர்க்கலாம். சந்தையில் கூச்சாய் என விற்கும் கீரையும் பூண்டின் உறவினமே. அது நம் வெப்பத்தில் செழித்து வளரும். (இவற்றால் கடைக்கணக்கு பெரிதாகக் குறைந்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை.)

1974ஆம் ஆண்டில், துன் அப்துல் ரசாக் பிரதமராயிருந்த காலத்தில், பசுமைப் புத்தகத் திட்டம் வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிட ஊக்கமூட்டியது. அப்போது லயத்தின் பின்னே முருங்கையும் கத்தரியும் நட இடமிருந்தது. பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மவருள் பலர் அடுக்குமாடிகளில் குடியேறினர். தாத்தாவின் கொல்லை பேரனுக்குச் சன்னலோரத் தொட்டியாகச் சுருங்கிவிட்டது. இந்நிலையில் குழந்தை மண்ணைத் தொடும் ஓரிடம் பள்ளிப் பாத்தியே. அங்கும் விளைச்சலை நிறுத்துப் பார்த்துப் பரிசளிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. பொய்த்த பாத்தியை நாள்தோறும் பார்த்துக் குறிப்பெழுதிய பிள்ளைக்கும் பரிசு வேண்டும்.

பெற்றோரே, அடுக்களையில் முளைவிட்ட பூண்டை எறிந்துவிடாதீர்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். அதே பாத்தியில், இம்முறை தழைக்காக, மீண்டும் நட இருக்கிறோம்.