விரால் தூண்டிலோடு முட்டம் பாறைக்கா?

திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் சாயங்காலம் கரைப்பக்கம் போய்ப் பாருங்கள். மண்புழுவும் மூங்கில் குச்சியுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நடுவில், ரீல் மாட்டிய ராடு பிடித்தபடி நாலைந்து இளைஞர்கள் நிற்பார்கள். நூல் நுனியில் ரப்பர் தவளை. அதை இலைகளுக்கு மேலே எறிந்து, தத்தித் தத்திப் போகிற மாதிரி இழுப்பார்கள். கீழே பதுங்கியிருக்கும் விரால் நிஜத் தவளை என்று நம்பி ‘படக்’கென்று அடிக்கும். இதற்குப் பெயர் லூர் ஃபிஷிங். பொய் இரை போட்டு மீன் பிடிப்பது. (குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கிற விராலைக் குறிவைத்து எறிகிறார்களே, அந்தக் கோபத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொள்கிறேன்.)

இந்த விரால் கோஷ்டியின் அடுத்த கனவு கடல். அதிலும் பாறைக் கடல். பாரை மீன் அடிக்க வேண்டும்!

நமக்குப் பக்கத்துக் கடல் தொண்டி. ஆனால் அது பாக் நீரிணை. ஆழம் குறைவு, அடியில் சேறும் கடற்புல்லும்தான். பாம்பனுக்குத் தெற்கே போனால், ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரை இருக்கும் 21 தீவுகள் 1986-லிருந்தே கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலை எடுக்கவே கூடாது. அதனால் இரவு பஸ் ஏறி 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போகிறார்கள். முட்டம், கடியப்பட்டினம், குளச்சல் பக்கம். முட்டம் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 1981-ல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ ஞாபகத்துக்கு வரும். இவர்களுக்கு அந்தப் பாறைகளின் அடிவாரம்.

ஏன் பாறை? அலை மோதி நுரை பொங்குகிற இடத்தில் சாளை, நெத்தலி மாதிரி சின்ன மீன்கள் தடுமாறும். நுரைக்குள் கண் தெரியாது, பின்னால் பாறை, ஓட வழியில்லை. பாரை, ஊளி, களவா போன்ற வேட்டை மீன்களுக்கு அதுதான் பந்திப் பாய். எனவே லூர் விழ வேண்டிய இடமும் அந்த நுரையின் ஓரம்தான். வாய் குழிந்த மிதக்கும் லூரைச் சுண்டி இழுத்தால் ‘ப்ளப்’ என்று தண்ணீர் தெறிக்கும். அதற்குப் பாப்பர் என்று பெயர். உலோக லூர் வெயிலில் சாளை போல மின்னும். மீனின் இரண்டு பக்கமும் ஓடுகிற உணர்கோடு அந்த அதிர்வைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடும். பிறகு அடிதான்.

புதுமை என்று நினைக்க வேண்டாம். லட்சத்தீவின் மினிக்காய் மீனவர்கள் இறகு கட்டிய, முள் இல்லாத கொக்கியால் சூரை மீனைக் கம்பால் தூக்கிப் போடுவது பல தலைமுறைத் தொழில். நமக்குப் புதிது ராடும் ரீலும்தான்.

பாரையில் பெரிய இனம் ஒன்று உண்டு. ஜப்பானில் 2006-ல் தூண்டிலில் பிடிபட்டது 72.8 கிலோ. ஒரு ஆள் எடை! நம் கரையில் அவ்வளவு பெரிது வேண்டாம், ஐந்து கிலோ மாட்டினாலே போதும். நேராகப் பாறை இடுக்குக்குள் பாயும். அங்கே உரசினால் நூல் அறுந்துவிடும். அதற்காகத்தான் பின்னல் நூலின் முனையில் கொஞ்ச தூரத்துக்குத் தடித்த நூலைக் கட்டுகிறார்கள். ஊளிக்கு அதுவும் பத்தாது, பல் அப்படி. கம்பி வேண்டும்.

இனிமேல்தான் விஷயமே. கண்மாயில் மீன் மாட்டினால் கரைக்கு இழுத்துப் போடலாம். பாறையில் மீனை எடுக்க அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். பாசி வழுக்கும். இரண்டு கையும் ராடில், கண் மீன் மேல். அடுத்த அலையை யாரும் பார்ப்பதில்லை. மீன் வருகிற இடமும் அலை ஆளைத் தூக்குகிற இடமும் ஒன்றேதான். இதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. மீனை முத்தமிடுகிற காட்சிதான் எல்லாவற்றிலும்.

அந்தக் கரைக்கு இன்னொரு குணமும் உண்டு. கள்ளக்கடல். மலையாளக் கரையில் புழங்கும் சொல். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயலால் கிளம்பும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து இங்கே வந்து எழும். இங்கே காற்று இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அவர்கள் மீன் பிடிக்கப் போகவில்லை. அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் ‘இன்காய்ஸ்’ மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. போனில் லூர் விலை பார்க்கிற நேரத்தில் அதையும் பார்த்துவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களான ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கமே வேண்டாம்.

அலைத்தடுப்புக்காகக் கொட்டிய கல் வரிசைக்கு நம் ஊரில் ‘தூண்டில் வளைவு’ என்று பெயர். பெயரைப் பார்த்து அழைப்பிதழ் என்று நினைத்துவிடாதீர்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் கடலிலேயே வளர்ந்த மீனவர்களின் படகுகளே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பாறை மீன்பிடிப்புக்கென்றே 2016-ல் சட்டம் போட்டார்கள். அறிவித்த பகுதிகளில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பாறையில் நின்றால் 100 டாலர் அபராதம். பல பாறைகளில் மிதவை வளையங்களையும் நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் பொய் இரை விற்கிற கடைகளில் ஜாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து விற்றால் என்ன?

சரி, போயே தீருவேன் என்கிறவர்களுக்கு. தனியாகப் போகாதீர்கள். போனவுடன் எறியாமல் அரை மணி நேரம் கடலைப் பாருங்கள். ஈரமாக இருக்கிற பாறை, அலை வந்துபோகிற பாறை. அதில் நிற்கக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. கைலியும் ரப்பர் செருப்பும் வேண்டாம். மீன் எடுக்க நீளக் கைப்பிடி வலை கொண்டு போங்கள். அது எட்டாவிட்டால் நூலை அறுத்து விடுங்கள். லூர் சில நூறு ரூபாய்தான். தவறி விழுந்தால் பாறையைப் பிடிக்க நீந்தாதீர்கள், அலை அதிலேயே அடிக்கும். விலகி மிதந்து உதவிக்குக் காத்திருங்கள். நண்பனைக் காப்பாற்றக் குதிக்காதீர்கள். கயிறோ, காலி கேனோ எறியுங்கள்.

கரையில் வலை பின்னுகிற பெரியவர் யாராவது ‘இன்னைக்கு வேண்டாம் மக்கா’ என்று சொன்னால், ராடை மடக்கிவிட்டு அவரோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். அந்தப் பாறை அவருக்கு ஐம்பது வருடப் பழக்கமாக இருக்கும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு: பையன் பஸ் ஏறுவதற்கு முன் எந்த ஊர், எந்தப் பாறை, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு எண்கள்: தமிழகக் கடலோரக் காவல் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.