விற்பனை இல்லாத புத்தகச் சந்தை

சந்தை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது சுன்னாகத்துச் சந்தையோ சாவகச்சேரிச் சந்தையோதான். கத்தரிக்காயைக் குவித்து வைத்துக் கூவி விற்போரும், விலையைக் குறைத்துக் கேட்போரும், நிறைந்த உமலுடன் வீடு திரும்புவோருமாக அங்கே ஆரவாரம் இருக்கும். ஆயிரக்கணக்கான வணிகர் கூடிச் சரக்கை விரித்து வைத்திருக்க, வந்தவர்கள் அதனை எடுத்துப் பார்த்து, புரட்டிப் பார்த்து, மீண்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகும் சந்தை ஒன்று உண்டென்று சொன்னால், நம் ஊர் ஆச்சிமார் சிரிப்பார்கள். ஆயினும் அத்தகைய சந்தை ஒன்று உண்டு. அங்கே விரித்து வைக்கப்படும் சரக்கு புத்தகம். ஜேர்மனி நாட்டின் பிராங்பேர்ட் நகரில், ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில், ஐந்து நாட்கள் அது நடைபெறுகின்றது.

2024ஆம் ஆண்டுச் சந்தைக்கு நண்பர் ஒருவருடன் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். இளமையில் யாழ்ப்பாணத்து அச்சுக்கூடம் ஒன்றில் ஈய எழுத்துக்களைப் பொறுக்கி அடுக்கும் வேலை பார்த்தவர் நண்பர். 1984ஆம் ஆண்டில் நாட்டைவிட்டுப் புறப்பட்டு ஜேர்மனியை அடைந்து, அங்கும் ஓர் அச்சகத்திலேயே உழைத்து ஓய்வு பெற்றவர். பத்திரிகைக்கு எழுதுபவன் என்ற முறையில் எனக்கும், அச்சுத் தொழிலில் இருந்தவர் என்ற முறையில் அவருக்கும், வணிகருக்கென ஒதுக்கப்பட்ட நாளிலேயே உள்ளே செல்ல அனுமதி கிடைத்தது.

நண்பர் வெறுங்கையுடன் வரவில்லை. பாணும் சம்பலும் கட்டிய பொதி ஒன்று அவர் கையில் இருந்தது. பேத்தி சொல்லி அனுப்பிய வேண்டுகோள் ஒன்று நெஞ்சில் இருந்தது. பதினான்கு வயதுப் பெண் அவள். வீட்டிலே தமிழ் பேசுவாள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலைக்கும் போய் வந்தவள். எனினும், ஒரு நாவலை விரித்தால் தடையின்றி இன்பமாக வாசித்துச் செல்லக்கூடிய மொழி அவளுக்கு ஜேர்மன் மொழியே. "அப்பப்பா, உங்கள் ஊரைப் பற்றி உங்கள் ஊரவர் எழுதிய கதைப்புத்தகம் ஒன்று, நான் வாசிக்கக்கூடிய மொழியில் இருந்தால், பார்த்து வாருங்கள்" என்று அவள் கேட்டிருந்தாள்.

சந்தை நடைபெறும் இடம் ஒரு கட்டடம் அன்று. பெரு மண்டபங்கள் பலவற்றைக் கொண்ட ஒரு சிற்றூர் என்றே சொல்லலாம். மண்டபத்துக்கு மண்டபம் நடந்து மாளாது என்பதனால், நின்றபடியே நம்மைக் கொண்டு செல்லும் நகரும் பாதைகளை அமைத்திருக்கிறார்கள். அவ்வாண்டில் 4,000க்கு மேற்பட்டோர் தத்தம் வெளியீடுகளைக் காட்சிக்கு வைத்திருந்தனர். இத்தாலி சிறப்பு விருந்தினர் நாடாக அழைக்கப்பட்டிருந்தது. முதல் நாட்கள் பதிப்பாளர், முகவர், நூலகர், மொழிபெயர்ப்பாளர் முதலியோருக்கு உரியவை. வார இறுதி பொதுமக்களுக்கு உரியது.

வணிக நாளிலே நாம் காண்பது வரிசை வரிசையாகப் போடப்பட்ட சிறு மேசைகளைத்தான். மேசையின் இருபுறமும் இருவர் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பர். அரைமணி நேரம் கழிந்ததும் ஒருவர் எழுந்து போவார். அடுத்தவர் வந்து அமர்வார். வாரக்கணக்கில் முன்னரே குறித்து வைத்த சந்திப்புக்கள் அவை. "சனம் இவ்வளவு கூடியும் இரைச்சல் இல்லாத திருவிழாவை இங்கேதான் கண்டேன் காணும்" என்றார் நண்பர்.

அம்மேசைகளிலே கைமாறுவது புத்தகம் அன்று, புத்தகத்தின் உரிமை. இதனைக் காணிக் குத்தகையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். தென்னந்தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர் காணியை இழப்பதில்லை. குறித்த காலத்துக்குத் தேங்காய் பறிக்கும் உரிமையை மாத்திரம் கொடுத்து, அதற்கு ஈடு பெறுகிறார். அதுபோலவே ஒரு நாவலை இன்ன மொழியில், இன்ன நாட்டில், இத்தனை ஆண்டுகளுக்கு வெளியிடலாம் என்று எழுதிக் கொடுத்து, முற்பணமும் விற்பனையில் ஒரு பங்கும் பெறுவது வழக்கம். ஒரே நாவலின் பிரெஞ்சு உரிமை ஒருவருக்கும், ஜப்பானிய உரிமை வேறொருவருக்கும் போகலாம். மூல நூல் எழுதியவரிடமே இருக்கும்.

இச்சந்தையின் வரலாறு நெடியது. ஐரோப்பிய அச்சுக்கலை தோன்றிய மைன்ஸ் நகரம் பிராங்பேர்ட்டுக்கு அண்மையில் உள்ளது. கூட்டன்பேர்க் அச்சிட்ட விவிலியத்தின் தாள்களைப் பிராங்பேர்ட்டிற் கண்டதாக, பின்னாளிற் பாப்பரசரான பிக்கொலோமினி 1455ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1564ஆம் ஆண்டில் அவுக்ஸ்பேர்க் நகரத்து வணிகராகிய கேயோர்க் வில்லர் என்பவர், சந்தைக்கு வந்த நூல்களுக்கு ஓர் அட்டவணை அச்சிட்டார். சந்தைக்கு வரமுடியாதவரும், எங்கே என்ன நூல் வெளிவந்தது என்பதை வீட்டிலிருந்தே அறியும் வழி அன்று பிறந்தது. பின்னர் தணிக்கையாலும் போராலும் பிராங்பேர்ட் நலிய, லைப்சிக் நகரம் முதலிடத்தைப் பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடு பிளவுண்ட பின், 1949ஆம் ஆண்டில் பவுல் தேவாலயத்தில் 205 ஜேர்மன் பதிப்பாளர் கூடி, இன்றைய சந்தையைத் தொடக்கி வைத்தனர்.

ஜேர்மனிக்கும் தமிழுக்கும் உள்ள உறவும் புதியதன்று. 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துக்கள் ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டவை. அவற்றைக் கொண்டே சீகன்பால்கு அங்கே தமிழ் அச்சு வேலையைத் தொடங்கினார். கார்ல் கிரவுல் என்ற அறிஞர் திருக்குறளை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து 1856ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவற்றை நான் சொல்லிவர, நண்பர் தம் விரல் நுனிகளைப் பார்த்தபடி, "நான் பொறுக்கிய எழுத்துக்களின் பாட்டன்மார் இங்கே பிறந்தவர்கள் என்று சொல்லும்" என்றார்.

பின்னர் பேத்தியின் புத்தகத்தைத் தேடலானோம். இந்தியப் பதிப்பகங்களின் கூடங்களைப் பார்த்தோம். ஜேர்மன் பதிப்பகங்களின் கூடங்களையும் பார்த்தோம். தமிழ் நூல்கள் பிற மொழிகளுக்குப் போகவே இல்லை என்று சொல்வது தவறு. பெருமாள் முருகனின் 'மாதொருபாகன்' ஜேர்மன் மொழியில் வந்திருக்கிறது. நம்மவருள் ஷோபாசக்தியின் கதைகள் பிரெஞ்சு மொழியில் வந்துள்ளன. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமும் சாஷா ஏபெலிங்கும் ஈழத்துப் போர்க்காலக் கவிதைகளை ஆங்கிலத்தில் ஆக்கி 2016ஆம் ஆண்டில் ஒரு தொகுதி தந்தார்கள். ஆனால் பனையும் கிணற்றடியும் துலாவும் வேலியும் உள்ள நம் ஊர்க்கதை ஒன்று, ஜேர்மன் மொழியில், அன்று எங்கள் கைக்கு அகப்படவில்லை.

மாலையில் ஒரு சிறு பதிப்பகத்தின் மேசை முன் நின்றோம். அதனை நடத்தும் அம்மையார் எங்களை அமரச் செய்து, கோப்பி வார்த்துத் தந்தார். நண்பர் தமக்குக் கைவந்த ஜேர்மன் மொழியில், நம் நாட்டு நாவல்கள் இரண்டு மூன்றின் கதையை உருக்கமாக எடுத்துரைத்தார். அம்மையார் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். முடிவில் மூன்று கேள்விகள் கேட்டார். நூலைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் குறிப்பு உண்டா? இருபது பக்கமேனும் மாதிரி மொழிபெயர்ப்பு உண்டா? உரிமைக்கு யாருக்கு எழுத வேண்டும்?

மூன்றுக்கும் எங்களிடம் விடை இல்லை. "நல்ல நூல்கள் என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் நான் வாசிக்க இயலாத நூலை, யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல், எப்படி வாங்குவேன்?" என்றார் அவர். அச்சொல்லிலே அலட்சியம் இல்லை. ஆகையினாற்றான் அது ஆழமாகத் தைத்தது.

நம் நாட்டிலே தமிழ் நூல் பிறக்கும் விதத்தை வாசகர்கள் அறிவார்கள். எழுத்தாளர் தம் சேமிப்பை எடுத்து, சில வேளைகளில் மனைவியின் காப்பையும் அடைவு வைத்து, சில நூறு பிரதிகள் அச்சிடுகிறார். வெளியீட்டு விழா நடைபெறுகின்றது. முதற்பிரதியைப் பெரியவர் ஒருவர் பெற்றுக்கொள்கிறார். சிறப்புப் பிரதிகள் வழங்கப்படுகின்றன. எஞ்சியவை கட்டுக்கட்டாக வீட்டு அலுமாரிக்குள் அடங்குகின்றன. இதனை நான் இகழ்ந்து சொல்லவில்லை. அந்த விழாக்களும் அந்தக் காப்புக்களும் இல்லையெனில், நம் இலக்கியத்திற் பாதி அச்சேறியே இராது. ஆனால் அலுமாரிக்கு அப்பால் நூலை எடுத்துச் செல்வதற்கு நம்மிடையே ஆள் இல்லை என்பதே குறை.

காப்பதில் நாம் பின்னிற்கவில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரியுண்ட துயரை அறிந்த சமூகம் இது. நூலகவியலாளர் என். செல்வராஜா 2002ஆம் ஆண்டு தொடக்கம் 'நூல்தேட்டம்' என்ற பெயரில் ஈழத்துத் தமிழ் நூல்களைத் தொகுதி தொகுதியாக அட்டவணைப்படுத்தி வருகிறார். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையவழி நூலகம், பழைய ஏடுகளையும் இதழ்களையும் எவரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது. இவை பெருந்தொண்டுகள். எனினும், இவை தமிழ் வாசிப்பவருக்கே வாயிலைத் திறப்பவை. தமிழ் வாசியாதவருக்கு வாயில் திறக்கும் வேலை எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2023ஆம் ஆண்டிலே சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கி, மொழிபெயர்ப்புக்கு நிதியுதவியும் அறிவித்து, அவ்வழியிற் கால் வைத்திருக்கிறது.

பிற மொழிக்குப் போவது பெருமைக்காக என்று எண்ணுவோர் உளர். பரிசும் புகழும் கிடைத்தால் நன்றுதான். ஆனால் நண்பருடைய பேத்தியை நினைத்துப் பாருங்கள். நம் கதையை அந்நிய மொழியில் வாசிக்கக் காத்திருப்போர் அந்நியர் மாத்திரம் அல்லர். நம் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். பாரிஸிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் வளரும் பிள்ளைகள், தம் பாட்டனார் எதைக் கண்டு அஞ்சி ஓடினார், எதை எண்ணி ஏங்குகிறார் என்பதை, தாம் வாசிக்கும் மொழியிலே அறிய விரும்புகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க வேண்டும் என்பது உண்மையே. கற்று முடியும் வரைக்கும் கதையை மறைத்து வைக்கவேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.

திரும்பும்போது புகையிரதத்தில் நெடுநேரம் மௌனமாக இருந்த நண்பர், "நான் தமிழில் வாசிக்கிறேன், அவள் கேட்டு ஜேர்மனில் எழுதட்டும். இருபது பக்கந்தானே காணும்? மழைக்காலம் முடியுமுன் முடித்துவிடலாம்" என்றார். எழுத்து எழுத்தாகப் பொறுக்கிப் பக்கம் நிரப்பிப் பழகியவருக்கு இருபது பக்கம் பெரிதாகத் தோன்றவில்லை. எழுதியவரிடம் அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

நண்பர் வீட்டில் ஆகக்கூடியது நம் நாட்டில் ஆகாதா? ஒவ்வொரு நூல் வெளிவரும்போதும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வைப்பதற்குக் காப்பை அடைவு வைக்கத் தேவையில்லை. தேசிய நூலகம் வழங்கும் சர்வதேச நூல் எண்ணைத் தவறாது பெறலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பைப் பயிலும் மாணவர், ஆண்டுக்குப் பத்து நூல்களிலிருந்து இருபது இருபது பக்கம் பெயர்த்துத் தரலாம். எழுத்தாளரும் பதிப்பாளரும் வாய்ச்சொல்லை விடுத்து, உரிமை யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதிக் கைச்சாத்திடலாம். 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம், எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அவ்வுரிமையைக் காக்கின்றது. அவ்வளவு நீண்ட உரிமைக்கு ஒரு தாள் மிகையாகாது. 1999ஆம் ஆண்டு முதல் கொழும்பில் நடந்துவரும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியிலேயே இதற்கென ஒரு மேசை போடலாம். அங்கே முதலில் வந்து அமரவேண்டியவர் ஜேர்மானியர் அல்லர். நம் கதையை இன்னும் தம் மொழியில் வாசிக்கக் கிடைக்காத சிங்கள வாசகரின் பதிப்பாளரே.

எழுதுவோர் நம்மிடம் குறைவில்லை. துயரமும் அனுபவமும் குறைவில்லை. மேசையின் இப்புறத்தில் அமர்ந்து, கேட்பவருக்கு விடை சொல்லச் சிலர் முன்வருவார்களாயின், அலுமாரிக்குள் அடங்கிய நூல்களுக்கு விமோசனம் பிறக்கும்.