வழவழப்புக்கு எந்தப் பசை?

அட்டை பளபளவென்று இருந்தால்தான் புத்தகத்துக்கு மதிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று சிந்தித்ததுண்டா, தோழியரே?

மரக்கூழால் ஆன காகிதம் இயல்பில் சற்றுச் சொரசொரப்பானது. அதன்மேல் வெள்ளைக் களிமண்ணையோ சுண்ணாம்புத் தூளையோ குழைத்துப் பூசுகின்றனர். அத்தூள் உதிராமல் பிடித்துக்கொள்ளப் பசை வேண்டும். 100 பங்கு தூளுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 பங்கு வரை பசை சேர்ப்பார்கள். பருத்திப் புடவைக்கு நம் அன்னையர் கஞ்சி போடுவதைப் போல, காகிதத்துக்கும் முன்னாளில் ஸ்டார்ச்சுப் பசையே உதவியது. பாலிலிருந்து எடுக்கும் கேசின் என்னும் புரதமும் உதவியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோலியப் பொருள்களால் ஆன செயற்கை லேடெக்ஸ் அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. காரணம் இல்லாமல் இல்லை. ஸ்டார்ச்சைக் காய்ச்ச வேண்டும். ஈரம் பட்டால் அது இளகும். மடித்தால் பூச்சு வெடிக்கும். லேடெக்ஸோ வளைந்து கொடுக்கும், ஈரத்தையும் தாங்கும்.

இன்று பலர் மீண்டும் இயற்கைப் பசையை நாடுகின்றனர். நல்லதே. ஆனால் 'இயற்கை' என்ற சொல் ஒன்றே போதாது என்பது என் தாழ்மையான கருத்து. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 26 கிராம் கேசின்தான் உண்டு. ஒரு கிலோ கேசினுக்கு 40 லிட்டர் அளவுக்குப் பால் வேண்டும். பாலுக்கு ஏங்கும் குழந்தைகள் உள்ள உலகில், ஒருமுறை பார்த்து எறியும் விளம்பரத் தாளுக்குப் பாலைச் செலவிடுவது முறையாகுமா?

மரவள்ளி ஸ்டார்ச் இதைவிட ஏற்றது. நான்கைந்து கிலோ கிழங்கிலிருந்து ஒரு கிலோ ஸ்டார்ச் கிடைத்துவிடும். சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசியோடு ஸ்டார்ச்சும் செய்யும் ஆலைகள் பல. ஸ்டார்ச்சைப் பக்குவப்படுத்தி, லேடெக்ஸில் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்க்கும் முறையும் காகித ஆலைகளில் வழக்கத்தில் உள்ளது. அது பெருக வேண்டும்.

கிழங்கும் உணவுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆகவே பசையை மாற்றுவதோடு பளபளப்பின் மீதுள்ள ஆசையையும் குறைக்க வேண்டும். ஈரம் படும் பொட்டலத்துக்கும், பல்லாண்டு காக்க வேண்டிய அட்டைக்கும் பூச்சு தேவைதான். ஒருநாள் விழாவின் அழைப்பிதழுக்கு எதற்கு? "பூச்சில்லாத தாளே போதும்" என்று அச்சகத்தாரிடம் பெற்றோர் ஒரு வார்த்தை சொன்னால், பாலும் மிஞ்சும், பெட்ரோலியமும் மிஞ்சும். எழுத்தின் பெருமை தாளின் மினுக்கில் இல்லையன்றோ!