யாருடைய பழமை?

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஆடு விற்க வந்தவர், வாங்க வந்தவர், வேடிக்கை பார்க்க வந்த என்னைப் போன்ற உபயோகமற்றவர் எல்லாரும் பசித்தால் ஒதுங்குகிற கடை ஒன்று உண்டு. ஓட்டுக் கூரை, இரண்டு பெஞ்சு, ராகிக் களி, கொள்ளுக் குழம்பு. பெயர்ப் பலகைகூடக் கிடையாது.

சில மாதங்களுக்கு முன் அங்கே நான் களியை உருட்டிக்கொண்டிருந்தபோது, பெங்களூரிலிருந்து மூன்று இளைஞர்கள் காமிராவும் கையுமாக நுழைந்தார்கள். நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிப்காட் தொழிற்சாலைப் பையனைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொன்னார்கள். பிறகு ஒருவர் அடுப்பங்கரை வாசலில் மண்டியிட்டார். ஓட்டு இடுக்கில் விழும் வெயில். அதில் சுருளும் விறகுப் புகை. நடுவே கடைக்கார அம்மாள். பிரமாதமான படந்தான், மறுக்கவில்லை.

"இன்னொரு தடவை ஊதுங்கம்மா!"

அம்மாள் ஊதுகுழலை எடுத்து ஊதினாள். இருமினாள். இருமலும் படத்துக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

"கேஸ் அடுப்பு வெச்சிடலாம்னு இருக்கேன் தம்பி. சுவருக்கு வெள்ளை டைல்ஸு" என்று அவள் பெருமையோடு சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஐயோ, வேண்டாம்மா! இந்தப் பழமையைக் கெடுத்திடாதீங்க!"

யாருடைய பழமை ஸ்வாமி? உமது வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறதா? உமது தாயார் ஊதுகுழலை எறிந்த அன்று நீர் அழுதீரா? வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உமது படத்தில் பனிபோல் இறங்குவது அந்தப் புகைதான்.

தெருவைப் படம் பிடிப்பது உயர்ந்த கலை என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் கலையில் பெரியவரான ஹென்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் ஜோடித்த படத்தை ஒப்புக்கொண்டதில்லை. நடப்பதை நடக்கிறபடி பிடிப்பதுதான் அதன் தர்மம். நீலச் சட்டைப் பையனை நகர்த்திவிட்டு எடுத்தது தெருப் படமாகுமா? கடைக்குத் தினசரிக் காசு அவனுடையது!

ஜப்பானில், கியோட்டோவின் கியோன் பேட்டையில், பழைய மரவீட்டு உணவு விடுதிகளும் தேநீர் மாளிகைகளும் நிறைந்த சந்துகள் உண்டு. காமிராக்காரர்கள் தொல்லை பொறுக்காமல் 2019-இல் அவ்வூரார், தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. 2024-இல் சில சந்துகளுக்குள் வெளியார் நுழையவே கூடாது என்றார்கள். நம் அம்மாளோ படம் எடுத்தவர்களுக்கு மோர் கொடுத்தாள்.

அந்தப் பிள்ளைகளை மட்டும் திட்டி என்ன பயன்? நானும் அதே ஜாதிதான். என் பாட்டியின் அடுப்பங்கரைப் புகை வாசனையை ஒரு நாவலில் மூன்று பக்கம் வர்ணித்திருக்கிறேன். உருகி உருகிக் கடிதங்கள் வந்தன. கடைசிக் காலத்தில் பாட்டிக்குக் கண் தெரியாமல் போனதை மட்டும் எழுதவில்லை. கதைக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

'விறகில் கிண்டினால்தானே ருசி?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நானே அம்மாளிடம் கேட்டேன்.

"ருசி மாவுல இருக்குது, கிண்டுற கையில இருக்குது. விறகுல என்னங்க ஐயா இருக்குது?"

போன ஞாயிறன்று மறுபடி போனேன். டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. காலண்டர் மாட்ட ஆணி இறங்கவில்லையே என்பதுதான் அவளுடைய ஒரே குறை. களி வழக்கம்போல் இருந்தது. இரண்டாவது உருண்டையும் வாங்கிக்கொண்டேன்.